வெட்டக் காசு உண்டு, பிடுங்கத்தான் இல்லை

தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலாளர் அவர்களுக்கு, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் சோலைக்காடு, புல்வெளி மீட்பு வேலை பார்ப்பவர்கள் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

கார்பனுக்கு விலை வைத்து, வரும் பணத்தில் காட்டைக் காப்பாற்றலாம் என்ற பேச்சு மலைக்கும் ஏறி வந்துவிட்டது. எங்களுக்கு அதில் மறுப்பில்லை. விலையை எங்கே வைப்பது என்பதில்தான் வழக்கு. புகை கிளம்புகிற இடத்தில் வையுங்கள், காட்டின் மேல் வைக்காதீர்கள். சோலையையும் புல்வெளியையும் டன் கணக்கில் கார்பன் கிரெடிட்டாக, அதாவது எங்கோ ஓர் ஆலை விடும் புகைக்கு ஈடாக, விற்பது பழனி மலைக்கும் ஆகாது, நீலகிரிக்கும் ஆகாது. ஏன் என்று ஒரு மரத்தையும் ஒரு பிடி மண்ணையும் வைத்தே காட்டிவிடலாம்.

மரம் வாட்டில்; வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டு, புல்வெளியெங்கும் பரவிய மரம். நீலகிரிக்காரர்கள் சீகை என்பார்கள். புல்வெளியில் நிற்கும் ஒரு வாட்டிலை 1.37 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி அளந்து, மரத்தின் உயரத்தையும் சேர்த்தால் கன அளவு கிடைக்கும். மர அடர்த்தியால் பெருக்கினால் உலர் எடை. அதில் ஏறத்தாழப் பாதி கார்பன். அதை 3.67-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு. பத்து நிமிட வேலை. இப்போது அந்த மரத்தை எடுத்துவிட்டுப் புல்லை மீட்டால் கணக்கேட்டில் நஷ்டம் விழும். விட்டுவைத்தால் லாபம். புல்வெளியைத் தின்ற மரத்துக்கே கூலி!

மண்ணுக்கு வருவோம். புல்வெளியின் கார்பனில் பெரும்பங்கு தரைக்குக் கீழேதான். கன அளவு தெரிந்த உருளையை அடித்து இறக்கி, 30 செ.மீ. வரை அடுக்கடுக்காக மண் எடுக்க வேண்டும். ஒரு பங்கை 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்க்க வேண்டும். இன்னொரு பங்கை நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கல்லின் எடையைக் கழிக்க மறந்தாலே கணக்கு ஊதிவிடும். பெரிய குழி ஆய்வகத்தில் இருக்கிறது. பரவலாகச் செய்யப்படும் வாக்லி–பிளாக் என்ற ரசாயன முறை மொத்தக் கார்பனில் முக்கால் பங்கைத்தான் பிடிக்கும், எரித்துப் பார்க்கும் கருவியோ முழுதையும் பிடிக்கும். முதல் ஆண்டு திருத்தம் போடாத வாக்லி–பிளாக், ஐந்தாம் ஆண்டு கருவி என்று மாற்றினால், ஒரு புல் கூடுதலாக முளைக்காமலே கார்பன் முப்பது விழுக்காடு 'வளர்ந்திருக்கும்'. வாங்குகிறவருக்கும் சந்தோஷம், விற்கிறவருக்கும் சந்தோஷம். உண்மையில் ஓராண்டில் ஏறும் மண் கார்பன், அதே சரிவில் பத்தடி தள்ளி எடுத்த இரு மாதிரிகளின் வித்தியாசத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

2023-இல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தில் இப்படி ஈடு கட்டும் பிரிவும் உண்டு. அதன் வழியாக நம் மலையை விற்றால், வாங்கிய ஆலையின் புகை வானத்தில் நிலைத்துவிடும், நாம் விற்ற மரம் ஒரு பங்குனித் தீயில் போய்விடும். மரம் நட்டால் கிரெடிட் தரும் மத்திய அரசின் கிரீன் கிரெடிட் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் வந்த வழிமுறை, ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம், மரத்துக்கு ஒரு கிரெடிட் என்றது. பிறகு திருத்தினார்கள். ஆனாலும் புல்வெளியைக் 'காலி இடம்' என்று பார்க்கும் கண் இன்னும் மாறவில்லை.

பணம் உண்மையில் எங்கே தேவைப்படுகிறது? வாட்டிலை வெட்டும் ஆண்டில் அது காகிதக் கூழ்மரமாக விலைபோகிறது, செலவு அதிலேயே கட்டிவிடும். அடுத்த மழைக்குத்தான் வினை. லாரியும் கட்டை இழுப்பும் மண்ணைக் கிளறி வெளிச்சத்தைத் திறந்துவிட, பல பத்தாண்டுகள் உறங்கிய விதை பாய் விரித்தாற்போல் முளைக்கும். ஈரம் இருக்கும்போது, ஐப்பசி கார்த்திகையில், வேரோடு கையால் பிடுங்க வேண்டும். காய்ந்த பிறகு இழுத்தால் தண்டு முறிந்து வேர் தங்கிவிடும். பூப்பதற்குள் பிடுங்க வேண்டும், பத்து ஆண்டாவது விடாமல் பிடுங்க வேண்டும். இந்தப் பத்தாண்டு வேலையில் விற்க ஒன்றும் கிடைக்காது.

இடம் பார்த்தும் செய்ய வேண்டும். ஓடையோரத்து வாட்டிலுக்கு அடியில் சோலைக் கன்றுகள் தாமாக எழுந்திருந்தால் அங்கே கோடரியே வேண்டாம். சிலவற்றுக்கு மட்டும் பட்டை உரித்து நின்றபடியே காயவிட்டால் போதும். புல்வெளியிலோ ஓரத்து ஒற்றை மரங்களிலிருந்து தொடங்கி அடர்ந்த தோப்பை நோக்கிப் போக வேண்டும். ஒப்பந்தக்காரர் நேர்மாறாகத் தோப்பில்தான் தொடங்குவார், எடை அங்கேதானே இருக்கிறது.

சரி, பணம் எங்கிருந்து? கோஸ்டா ரிக்காவில் 1997 முதல் எரிபொருள் வரியின் ஒரு பங்கு, பின்னாளில் 3.5 விழுக்காடு, காடு காப்பவர்களுக்குப் போகிறது. அங்கே டன்னை எண்ணிக்கொண்டிருக்கவில்லை, ஹெக்டேர் கணக்கில் பல ஆண்டு ஒப்பந்தம். நம் நாட்டிலும் 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டு, 2016-இல் 400 வரை ஏற்றினார்கள். தூய ஆற்றல் நிதிக்கென்று வாங்கிய காசு 2017-இல் மாநிலங்களுக்கான ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திரும்பியது. 2025 செப்டம்பரில் அந்தச் செஸ்ஸையும் எடுத்துவிட்டு நிலக்கரியின் ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 விழுக்காடாக்கினார்கள். எடைக்கு இருந்த வரி விலைக்கு மாறிவிட்டது. சட்டத்தில் கட்டிப்போடாத காசு மலை ஏறாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மாநில அரசின் கைக்கு எட்டுவது, கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வண்டிகள் எடுக்க வேண்டிய இ-பாஸ். 2024 மே முதல் கட்டணமில்லாமல் நடக்கிறது. வண்டி எண்ணை வைத்தே எரிபொருள் இன்னதென்று தெரிந்துவிடும். வத்தலக்குண்டிலிருந்து ஏறி இறங்கும் காருக்குப் பத்து லிட்டர் பெட்ரோல் என்று வையுங்கள். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 23 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டன்னுக்கு ஆயிரம் ரூபாய் விலை வைத்தால் 23 ரூபாய். மலை உச்சியில் ஒரு காபிகூட அந்த விலைக்கு வராது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு நீதிமன்றம் வைத்த வார நாள் வரம்பு 4,000 வண்டி. அத்தனையும் கார் என்றால் நாளைக்கு 92,000 ரூபாய். இதனால் கூட்டம் குறையாது, பிடுங்கக் கூலி கிடைக்கும். உள்ளூர் வண்டி, அரசுப் பேருந்து, காய்கறி லாரி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு விலக்கு வேண்டும்.

நாங்கள் கேட்பது இது. இந்த வசூலை மார்ச் 31-இல் காலாவதியாகாத தனி நிதியாக, சட்டம் போட்டு வையுங்கள். தீத்தடுப்புக் கோடு மார்கழி, தை மாதத்தில் வெட்டியாக வேண்டும். அதற்கான பணம் மார்ச்சில் வந்தால் சாம்பலைத்தான் கூட்டலாம். பளியர் உள்ளிட்ட மலைக்குடிகளின் கிராம சபைகளோடு, 2006 வன உரிமைச் சட்டப்படி, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பத்தாண்டு ஒப்பந்தம் போடுங்கள். சரிபார்க்கச் செயற்கைக்கோள் வேண்டாம். வடகிழக்கு மழை ஓய்ந்த தை மாதத்தில், பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் போட்டு, முழங்கால் உயரம் தாண்டிய வாட்டில் நாற்று எத்தனை என்று எண்ணினால் போதும். எண்ணிக்கையைக் கிராம சபைப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டு, மிச்சக் கூலியை அந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழனி மலையில் சோலை, புல்வெளி மீட்பு வேலை பார்ப்பவர்கள்