அவுரி நீலம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. நான் இன்னும் இரண்டு மாதம் லண்டனில், மகள் வீட்டில்தான். பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போய்விடுகிறேன். டிக்கெட் இல்லை, கதகதப்பாகவும் இருக்கிறது.

அங்கே லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல் என்று ஒரு சுவடி. 1,300 வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தீவு மடத்தில் ஈட்ஃப்ரித் என்ற ஆயர் கன்றுத்தோலில் எழுதி, வண்ணம் தீட்டியது. அதன் அச்சுப் பிரதியைப் புரட்டினேன். முதலெழுத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சிவப்புப் புள்ளி, மார்கழிக் கோலம் தோற்றது போ! நடுவே ஒரு நீலம்.

அந்த நீலம் ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்தது என்று அறிஞர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2004-இல் வெளியான ராமன் நிறமாலை ஆய்வில் கல்லே இல்லை. இண்டிகோ! இந்த ஊரில் வோட் என்கிற செடியின் இலையில் எடுப்பது. உன் வயலில் நிற்கிற அவுரியிலும் அதே மூலக்கூறுதான்.

ராமன் விளைவைப் படிக்கும்போது, “இதனால் என்னடா பிரயோஜனம்?” என்று திருச்சி ஹாஸ்டலில் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊரில் பிறந்த சி.வி.ராமன் 1928-இல் கண்டது இங்கே உதவுகிறது. லேசர் ஒளி பட்டுச் சிதறும்போது அதில் துளியூண்டு நிறம் மாறித் திரும்பும். அந்த மாற்றமே பொருளின் கைரேகை. சுவடியிலிருந்து ஒரு பொட்டுக்கூடச் சுரண்ட வேண்டாம். ஆனால் லேசரை ரொம்பக் குறைத்து வைக்க வேண்டும். அந்தச் சிவப்புப் புள்ளி ஈயச் செந்தூரம், சூடு பட்டால் நிறம் மாறிவிடும். செம்பிலிருந்து எடுத்த பச்சையோ தோலையே அரித்துவிடக்கூடியது. எது எதுவென்று தெரியாமல் ஈரத்தைக் காட்டினாலும் பசையைத் தடவினாலும் வினைதான்.

அதனால்தான் சொல்கிறேன், தாத்தாவின் வைத்திய நோட்டை லாமினேட் பண்ணக் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கிழியாமல் உரிக்க முடியாது. வெள்ளைத் துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வை. நான் வந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிடலாம்.

அப்புறம், அவுரி இந்த வருஷம் என்ன விலை போகிறது? எழுது.

அன்புடன்,
சுந்தரம்