சிறிய நிறுவனத்தின் கியர் செட்டை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையிலும் சுற்று வட்டாரத்திலும் மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் பெருகி வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். வழித்தடங்களைப் பற்றியும், யானைகள் நடமாடும் காட்டுப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பதைப் பற்றியும் அதில் எழுதியிருந்தவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனால் கியர் பாகங்கள் வாங்குவோர் பெயர் பெற்ற இரண்டு நிறுவனங்களைத் தவிர மற்றவற்றைத் தொட வேண்டாம் என்ற பொருளில் இருந்த அறிவுரையை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடந்த 14 மாதங்களாக அதிகம் பேர் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்தின் கியர் செட்டை ஓட்டி வருகிறவன் என்ற முறையில், என் அனுபவத்தைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் கணபதியில் 22 ஆண்டுகளாகப் பல் வெட்டும் பட்டறை நடத்தி வருகிறேன். பம்பு செட்டுக்கும் நூற்பாலை இயந்திரங்களுக்கும் வேண்டிய பல்சக்கரங்களை வெட்டிக் கொடுப்பது என் தொழில். ஒரு பல்லின் முகம் எப்படித் தேய்கிறது, எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்பதைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் என் சைக்கிளையும் பார்க்கிறேன். 27.5 அங்குலச் சக்கரம் கொண்ட அந்த வண்டியில் முன்னால் 42, 32, 22 பற்கள் கொண்ட, மிதியோடு சேர்ந்து சுழலும் மூன்று பிளேட்டுகளும் பின்னால் 11 முதல் 32 பற்கள் வரையிலான எட்டுப் பல்சக்கரங்களும் இருந்தன. எட்டு ஆண்டு ஓட்டத்தில் பற்கள் சுறாமீன் துடுப்பைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏற்றத்தில் மிதிக்கும்போது செயின் தாவத் தொடங்கியபோது, மொத்தத்தையும் மாற்ற வேண்டிய நிலை வந்தது.

நகரில் உள்ள ஒரு கடையில் விசாரித்தபோது, இப்போது எல்லோரும் வாங்கும், பின்னால் 12 பல்சக்கரங்கள் கொண்ட 12 கியர் செட்டைப் பரிந்துரைத்தார்கள். அந்த வகைக் கேசட்டில், அதாவது பின் பல்சக்கரங்களின் அடுக்கில், மிகச் சிறிய சக்கரத்துக்குப் பத்துப் பற்கள்தான் இருக்கும். பின் சக்கரத்தின் நடுவே கேசட் ஏறி உட்காரும் உருளைக்கு ஃப்ரீஹப் என்று பெயர்; பதினொரு பல்லுக்காக வடிவமைக்கப்பட்ட பழைய ஃப்ரீஹப்பின் மேல் அது ஏறாது. ஆகவே சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பை மாற்ற வேண்டும், ஹப்பை மாற்றினால் கம்பிகளைப் பிரித்துச் சக்கரத்தை மறுபடியும் கட்ட வேண்டும், அதைவிடப் புதுச் சக்கரமே வாங்கிவிடலாம் என்று கணக்கு வளர்ந்துகொண்டே போயிற்று. நல்ல நிலையில் இருந்த ஒரு சக்கரத்தை, ஒரே ஒரு பல் குறைவதற்காகக் கழற்றி மூலையில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்போதுதான் பழைய ஹப்பின் மேலேயே ஏறக்கூடிய, 11 முதல் 46 பற்கள் வரையிலான ஒன்பது கியர் செட் ஒன்று சிறிய நிறுவனம் ஒன்றில் கிடைப்பது தெரிந்தது. கேசட், செயின், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் பின் டீரெய்லர், கைப்பிடியில் இருந்து விரலால் தட்டிக் கியர் மாற்றும் ஷிஃப்டர் ஆகிய நான்கும் சேர்ந்து, கடையில் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவாகவே வந்தது. முன்னால் 30 பற்கள் கொண்ட ஒரே பிளேட்டைப் போட்டுக்கொண்டேன்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறிய நிறுவனங்களுக்கு வரும் கெட்ட பெயரில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது என்று நினைக்கிறேன். பொருத்திக் கொடுத்த மெக்கானிக், செட்டோடு வந்த ஷிஃப்டரை ஓரமாக வைத்துவிட்டு, தன்னிடம் இருந்த வேறு நிறுவனத்தின் ஒன்பது கியர் ஷிஃப்டரைப் பூட்டிவிட்டார். அது நயமான சரக்கு என்ற நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஓட்டிப் பார்த்தால் முதல் இரண்டு கியர்கள் ஏறக்குறைய சரியாக விழுந்தன. அதற்குமேல் செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நின்று உறுமியது. ஐந்து முறை தட்டினால் நான்கு சக்கரம்தான் ஏறியது. "இந்தப் பிராண்டெல்லாம் வேலைக்கு ஆகாதுங்க, அப்பவே சொன்னேனுங்களே" என்றார் அவர். நான் வண்டியைப் பட்டறைக்கு எடுத்து வந்து, ஷிஃப்டரிலிருந்து டீரெய்லருக்குப் போகும் கேபிளில் ஒரு மார்க் போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் அது எவ்வளவு நகர்கிறது என்று வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். பூட்டியிருந்த ஷிஃப்டர் ஒரு தட்டுக்கு 2.5 மில்லிமீட்டர் இழுத்தது. செட்டோடு வந்த ஷிஃப்டர் 3.1 மில்லிமீட்டர் இழுத்தது. ஐந்து 2.5-உம் நான்கு 3.1-உம் ஏறக்குறைய ஒன்றுதான் அல்லவா? ஐந்து தட்டுக்கு நான்கு சக்கரம் ஏறியதன் காரணம் அந்தப் பெருக்கலிலேயே இருந்தது. கேபிள் எவ்வளவு இழுபட்டால் டீரெய்லரின் கை எவ்வளவு நகர வேண்டும் என்ற விகிதத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு வரிசைகளுக்குள்ளேயே கூட அது மாறும். உரிய ஷிஃப்டரைப் பூட்டியதும் ஒன்பது கியரும் சுத்தமாக விழுந்தன. அன்று நான் அளந்து பார்க்காமல் இருந்திருந்தால், அந்தச் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நானும் நான்கு பேரிடம் அதைக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஏற்றத்துக்கு இந்தக் கியர் போதுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். பழைய செட்டில் மிக இலகுவான கியர் 22க்கு 32, அதாவது முன்னால் 22 பல், பின்னால் 32 பல். மிதியை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய 1.5 மீட்டர் போகும். புதிய செட்டில் 30க்கு 46. ஒரு மிதிக்கு 1.43 மீட்டர். அதாவது மூன்று பிளேட் இருந்த காலத்தைவிட இப்போதுதான் ஏற்றம் சற்று இலகுவாக இருக்கிறது. பாலமலை அரங்கநாதர் கோயில் ஏற்றத்தில் முன்பு இறங்கித் தள்ளிக்கொண்டு போன இரண்டு இடங்களில் இப்போது உட்கார்ந்தபடியே ஏறுகிறேன். இழந்தது சமவெளி வேகம். 30க்கு 11 என்ற கியரில் நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால் மணிக்கு 32 கிலோமீட்டர்தான் வரும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகைத் தள்ள, பல்லடம் சாலையில் கிழக்கே போகும்போது கால் வெறுமனே சுற்றுவதை உணர்கிறேன். சாலையில் வேகமாகப் போக விரும்புகிறவர்களுக்கு இது குறைதான். இரு பக்கமும் வேலி உள்ள மண் பாதையான இட்டேரியிலும் வண்டித்தடத்திலும் ஓட்டுகிற எனக்கு அது பொருட்டாகத் தெரியவில்லை.

தேய்மானம் அடுத்த கேள்வி. சைக்கிள் செயினின் ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். இரும்பு அளவுகோலை வைத்தால் 12 அங்குலத்தில் 24 இடைவெளிகள் சரியாக அமைய வேண்டும். கடைசி ஊசி பன்னிரண்டைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால், செயின் அரை சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள். அதற்கு மேலும் நெடுநாள் ஓட்டினால் நீண்ட செயின் கேசட்டின் பற்களையும் தன்னோடு சேர்த்துத் தின்றுவிடும். என் வண்டியில் முதல் செயின் 1,900 கிலோமீட்டரில் அந்த அளவைத் தொட்டது. உடனே மாற்றினேன். இப்போது 4,600 கிலோமீட்டர் ஆகி, மூன்றாவது செயின் ஓடுகிறது. கேசட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு பல்லாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் அதிகம் பயன்படுத்தும் நடுச் சக்கரங்களில் பாரம் விழும் முகம் மினுமினுப்பாகியிருக்கிறதே தவிர, பல் சாயவில்லை. ஐப்பசி மழையில் செம்மண் சேறு அப்பி, மறுநாள் கழுவாமல் விட்ட நாட்களும் இதில் அடக்கம்.

கியர் எண்ணிக்கை கூடக் கூடச் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் குறைகிறது என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுவாக எட்டுக் கியரில் அது 4.8 மில்லிமீட்டர், ஒன்பதில் 4.35, பன்னிரண்டில் சுமார் 3.6. இடைவெளி குறையும்போது, வண்டிச் சட்டத்திலிருந்து டீரெய்லர் தொங்கும் சிறு துண்டான ஹேங்கர் சிறிது வளைந்தாலும் கியர் தடுமாறும். கிளுவை வேலிக்கும் வேலமரத்துக்கும் நடுவே ஓட்டுகிற நமக்கு இது ஏட்டுச் செய்தியல்ல. சென்ற தை மாதத்தில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஓர் இட்டேரியில், விரல் தடிமன் உள்ள வேலங்குச்சி ஒன்று டீரெய்லரின் கூட்டுக்குள் சிக்கி, கால் நிற்பதற்குள் ஹேங்கரை உள்ளே வளைத்துவிட்டது. கையால் ஓரளவு நிமிர்த்திக்கொண்டு, ஒன்பது கியரில் ஏழு வேலை செய்ய, வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த ஹேங்கர் என் வண்டியின் சட்டத்துக்கே உரியது. எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை. வளைந்ததை மாதிரியாக வைத்து, அலுமினியத் தட்டில் நானே மில்லிங் செய்து, 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கு, மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் (பிட்ச்) டேப் அடித்து மரை வெட்டிக்கொண்டேன். இரும்பில் செய்தால் வளையாதே என்று என் பட்டறைப் பையன் கேட்டான். ஹேங்கர் வளையத்தான் வேண்டும். அது வளைந்து கொடுப்பதால்தான் அதைவிட விலை உயர்ந்த டீரெய்லரும் சட்டமும் பிழைக்கின்றன என்று அவனுக்கு விளக்கினேன்.

பெரிய நிறுவனங்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. அவர்களுடைய பொருள் நல்ல பொருள். ஆனால் அவர்களும் ஒரு நாள் பெயர் தெரியாதவர்களாக இருந்தவர்களே. ஷிமானோ நிறுவனம் 1921இல் ஜப்பானின் சகாய் நகரில், கடன் வாங்கிய ஒரே ஒரு லேத்தோடு தொடங்கப்பட்ட பட்டறை. அவர்கள் முதலில் செய்த பொருள், மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழல விடும் ஃப்ரீவீல். லேத்தின் அருகில் நின்று வளர்ந்தவன் என்பதால் அந்தச் செய்தியை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஸ்ராம் 1987இல் சிகாகோவில் தொடங்கப்பட்டு, கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் ஒரே ஒரு பாகத்தோடு சந்தைக்கு வந்தது. இன்று சிறியவை என்று ஒதுக்கப்படும் நிறுவனங்களிலும் பல நேற்று முளைத்தவை அல்ல. தைவானின் கேஎம்சி 1977 முதல் செயின் செய்கிறது. அதே நாட்டின் சன்ரேஸ், 1902இல் இங்கிலாந்தில் தொடங்கிய சைக்கிள் கியர் நிறுவனமான ஸ்டர்மி ஆர்ச்சரை 2000இல் வாங்கியது. 1999இல் தொடங்கிய மைக்ரோஷிஃப்ட், பழைய ஹப்பிலேயே ஏறும்படி 11 முதல் 48 பற்கள் வரையிலான பத்துக் கியர் கேசட்டை விற்கிறது. 2023இல் ஷிமானோவே கியூஸ் என்ற வரிசையில் ஒன்பது, பத்து, பதினொரு கியர்களைத் தடித்த பற்களோடு கொண்டுவந்து, நீண்ட நாள் உழைப்பதை அதன் சிறப்பாகச் சொல்கிறது என்றால், குறைந்த கியர்களே போதும் என்று சிறிய நிறுவனங்கள் எடுத்த முடிவில் பொருள் இருக்கிறது என்றுதானே ஆகிறது?

நம் ஊரின் கதையும் வேறல்ல. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மின்மோட்டார் செய்தபோது, வெளிநாட்டுப் பெயர் பொறித்த மோட்டார்களே நம்பிக்கைக்கு உரியவையாக இருந்தன. அந்தப் புதிய பொருளைக் கிணற்றில் இறக்கி ஓட்டிப் பார்க்கத் துணிந்த விவசாயிகள் இருந்ததால்தான், கோவையின் பம்பு செட் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, பெயர் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளை ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் வாங்கிய கேசட் முழுதும் இரும்பு, கையில் எடுத்தால் கனம் தெரிகிறது. அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் ஒரு கணம் தயங்கி ஏறுகிறது. கட்டைவிரல் லீவர் கடினமாக இருப்பதால், நீண்ட இறக்கத்தின் முடிவில் விரல் வலிக்கிறது. டீரெய்லரில் செயின் ஓடும் சிறு பல்சக்கரமான ஜாக்கி வீலின் புஷ் ஓராண்டில் தேய்ந்துவிட்டது. அதே பல் எண்ணிக்கை கொண்ட வேறு நிறுவனத்தின் சக்கரம் பொருந்தியதால் தப்பித்தேன். ஷிஃப்டர் பழுதானால் அதற்கு மட்டும் மாற்றுப் பாகம் கோவையில் கிடைக்காது என்பதுதான் இருப்பதிலேயே பெரிய குறை. ஆகவே வாங்க நினைப்பவர்கள் டீரெய்லரையும் ஷிஃப்டரையும் ஒரே வரிசையில் சேர்த்து வாங்க வேண்டும், தனித்தனியாக வாங்கக் கூடாது. உதிரிச் செயின் ஒன்றும் தம் சட்டத்துக்குரிய ஹேங்கர் இரண்டும் முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புறப்படுவதற்கு முன், வீட்டுக்கு அருகில் இரண்டு மாதமாவது ஓட்டிப் பழகுவது நல்லது.

சைக்கிள் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிறிய நிறுவனத்தின் செட்டை எடுத்துக்கொண்டு வருகிற இளைஞனிடம், இது ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு முன், பெட்டியில் உள்ளதை உள்ளபடி பூட்டிக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். அப்படியும் சரியில்லை என்றால், எந்தக் கியரில் எப்படித் தவறியது என்று குறித்து வையுங்கள். அடுத்து வருபவருக்குச் சொல்ல அது உதவும். தங்கள் நாளிதழும் அடுத்த முறை இது பற்றி எழுதும்போது, இப்படிப்பட்ட செட்டை ஓராண்டாவது ஓட்டியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

ஹேங்கர் கிடைக்காமல் வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர்கள், பழைய ஹேங்கரை உடைந்திருந்தாலும் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு, தங்கள் பகுதியில் உள்ள ஏதேனும் ஒரு மில்லிங் பட்டறையை அணுகலாம். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் அதைச் செய்து தரக்கூடியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அலுமினியத்தில் வேண்டும், 10க்கு 1 டேப் என்று இரண்டு விவரம் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பல் வெட்டும் பட்டறை நடத்தும் வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.