'சக்' என்பது பாதிப் பெயர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பகத்சிங் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் 'பஞ்சாபில் சக் என்ற கிராமத்தில் பிறந்தார்' என்று ஒரு வரி வருகிறது, பக்கத்துப் பெட்டிச் செய்தியிலோ 'பிறந்த ஊர்: கட்கர் கலான்' என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே பக்கத்தில் இரண்டு ஊர், இரண்டுமே சரியில்லை. அவர் 1907 செப்டம்பரில் பிறந்தது பங்கா என்ற ஊரில். அன்றைக்கு அது லாயல்பூர் மாவட்டம், இன்றைக்குப் பாகிஸ்தானில் பைசலாபாத் மாவட்டம், ஜரன்வாலா வட்டம். அரசுப் பதிவேட்டில் அந்த ஊரின் பெயர் 'சக் எண் 105 ஜி.பி.' கட்கர் கலான் அவருடைய முன்னோர்களின் ஊர், இந்தியப் பக்கம் நவான்ஷஹர் அருகே இருக்கிறது. வெறும் 'சக்' என்று அச்சடித்தது, ஒருவருக்குச் சொந்த ஊர் 'பட்டி' என்று சொல்லிவிட்டு எந்தப் பட்டி என்று சொல்லாமல் விட்ட மாதிரி.

நான் கோவையில் பம்ப்செட் தொழிலில் இருந்தவன். வேலை காரணமாக ஜலந்தர் பக்கம் நிறையச் சுற்றியிருக்கிறேன். அங்கே இந்த 'சக்' படுத்தும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒருமுறை கம்பெனியில் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டில் வாடிக்கையாளர் பெயர், அடுத்து 'சக்', அடுத்து 'நகோதர்' என்று மட்டும் இருந்தது. நகோதர் பஸ் நிலையத்து டீக்கடையில் கேட்டால், அவர் டீயை ஆற்றிக்கொண்டே 'கேஹ்ரா சக், பா ஜி?' (எந்த சக் அண்ணே?) என்றார். சக் கலான் இருக்கிறது, சக் குர்த் இருக்கிறது, சக் முக்லானி இருக்கிறது. உனக்கு எது வேண்டும் என்பது அவர் கேள்வி. கலான் என்றால் பெரியது, குர்த் என்றால் சின்னது, இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை. முக்லானி என்றால் முகலாயப் பெண். பஞ்சாபில் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் இந்தக் கதைதான், பட்டிண்டா பக்கம் போனால் சக் பத்தே சிங் வாலா, சக் அத்தர் சிங் வாலா என்று ஆள் பெயரோடு நிற்கும்.

சரி, சக் என்றால் என்ன? சுருக்கமாகச் சொன்னால், பெரிய பரப்பிலிருந்து எல்லை கட்டிப் பிரித்தெடுத்த ஒரு துண்டு நிலம். தாய்க் கிராமத்தின் தரிசிலிருந்தோ, ஆட்சியாளர் கொடுத்த மானியத்திலிருந்தோ ஒரு பகுதியைப் பிரித்து அதில் புதிதாகக் குடியேறினால் அது சக், குடியேற்றியவர் அல்லது வாங்கியவர் பெயர் அதோடு ஒட்டிக்கொள்ளும். மூலம் சக்ரம் என்பதுதான் பெரும்பாலோர் சொல்வது. வட்டம் என்ற பொருளிலிருந்து ஆட்சி எல்லை என்ற பொருள் வந்தது நமக்கும் புதிதில்லை, சக்கரவர்த்தி என்ற சொல்லே அப்படித்தானே. பாரசீகத்தில் சக் என்றால் பத்திரம், அதனால் பத்திரம் எழுதிக் கொடுத்த நிலம் சக் ஆயிற்று என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அது சுற்றிவளைத்து மூக்கைத் தொடுகிற விளக்கமாகத் தெரிகிறது.

அதே சொல்லுக்கு அங்கே அன்றாடப் பேச்சில் வேறு வேலைகளும் உண்டு. குயவரின் சக்கரம் சக். கடித்து எடுப்பதும் சக். தூக்கு என்பதற்கும் சக், கல்யாண ஊர்வலத்திலும் விளையாட்டு மைதானத்திலும் கத்துகிறார்களே 'சக் தே' என்று, அந்த சக் இதுதான், ஊர்ப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அப்புறம் என் தொழிலோடு ஒட்டிய ஒன்று: கிணறு வெட்டும்போது அடியில் இறக்கும் மரவளையத்துக்கும் சக் என்றுதான் பெயர். மண் கொஞ்சம் தோண்டியதும் குழியின் அடியில் இந்த வளையத்தை வைப்பார்கள், அதன் மேல் செங்கல் சுவரை வட்டமாக எழுப்புவார்கள். பிறகு வளையத்துக்கு அடியில் மண்ணைப் பறிக்கப் பறிக்க சுவரின் கனத்திலேயே மொத்தமும் கீழே இறங்கும். நம் ஊரில் உறை இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

அந்த வளையம் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பஞ்சாபில் நிலத்தடி நீர் எந்த லட்சணத்தில் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருகாலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்த கிணற்று அடி இன்று வறண்டு கிடக்கிறது. நான் மோட்டார் பார்க்கப் போன ஒரு தோட்டத்தில் பழைய கிணற்றைச் செங்கலுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடி வளையத்தைத் துண்டு துண்டாக மேலே எடுத்துப் போட்டிருந்தார்கள். கருவேல மரம், ஒவ்வொரு துண்டையும் வளைவாகச் செதுக்கி, இரும்பே இல்லாமல் மரமுளை அடித்து இணைத்திருந்தார்கள். கரிபோலக் கறுத்திருந்தது, ஆனால் உளி வைத்தால் இறங்காது போல அத்தனை கெட்டி. அந்த வீட்டுப் பெரியவர் சொன்னது, 'ஒரு கிணறு பாய்கிற நிலம்தான் சக், அதனால்தான் ஊருக்கும் அந்தப் பெயர்' என்று. அகராதிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் தண்ணீரையும் நிலத்தையும் சேர்த்தே நினைக்கிற ஊரில் மனிதர்களுக்கு இப்படித்தான் தோன்றும்.

சக் என்றால் ஏதோ குக்கிராமம் என்று நினைத்துவிட வேண்டாம். அமிர்தசரஸே ஒரு சக்தான். சீக்கியர்களின் நான்காம் குரு ராம்தாஸ் 1570களில் அந்த ஊரை உண்டாக்கியபோது அதன் பெயர் 'குரு கா சக்', சக் ராம்தாஸ் என்றும் ராம்தாஸ்பூர் என்றும் சொல்வார்கள். அமிர்தசரஸ் என்பது முதலில் அங்கே வெட்டிய குளத்தின் பெயர், பிறகு ஊரே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் குரு தேக் பகதூர் 1665இல் பிலாஸ்பூர் அரச குடும்பத்திடம் நிலம் வாங்கித் தன் தாய் நானகியின் பெயரில் 'சக் நானகி' என்று ஒரு ஊர் வைத்தார். அதுதான் இன்றைய அனந்த்பூர் சாஹிப். சீக்கியர்களுக்கு மிக முக்கியமான இரண்டு ஊர்கள், இரண்டும் சக்காகப் பிறந்து பெயர் மாறியவை.

இனி உங்கள் கட்டுரைக்கு நேராகச் சம்பந்தப்பட்ட சக்குக்கு வருகிறேன். இது வெள்ளைக்காரன் போட்ட சக். ராவிக்கும் செனாபுக்கும் நடுவே சாந்தல் பார் என்று ஒரு பெரிய வறண்ட காட்டுநிலம், ஆடுமாடு மேய்க்கிறவர்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த இடம். 1892இல் கீழ்ச் செனாப் கால்வாய் வந்ததும் அந்த நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து, ஜலந்தர், ஹோஷியார்பூர், அமிர்தசரஸ் மாதிரி ஜனநெருக்கடியான மாவட்டங்களிலிருந்து விவசாயிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். மேய்ச்சல்காரர்களை 'ஜங்லி' (காட்டான்) என்று ஒரே சொல்லில் ஒதுக்கியாயிற்று. புது ஊர்களுக்குப் பெயர் யோசிக்க அதிகாரிகளுக்கு நேரமும் இல்லை, அக்கறையும் இல்லை. எண் போட்டார்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து, ஊருக்குத் தண்ணீர் தரும் கால்வாய்க் கிளை. ஜி.பி. என்றால் குகேரா கிளை, ஜே.பி. என்றால் ஜங் கிளை, ஆர்.பி. என்றால் ரக் கிளை. அந்த எழுத்தை விட்டுவிட்டால் ஊர் தொலைந்துபோகும், ஏனென்றால் அதே எண் வேறு கிளையிலும் இருக்கும். சர்கோதா பக்கம் போனால் வடக்குக் கிளை, தெற்குக் கிளை என்று எழுத்து மாறும். ஆக ஊரின் பெயரே அதன் தண்ணீர் விலாசம்.

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால், கால்வாயில் ஒரு மடை வழியாகப் பாயும் நிலத்துக்கும் சக் என்றுதான் பெயர். அந்த மடையை மோகா என்பார்கள். அந்தச் சக்குக்குள் விவசாயிகள் வாரத்துக்கு ஒரு சுற்று என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள், அதற்கு வாராபந்தி என்று பெயர். வாரத்தின் 168 மணி நேரத்தையும் நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பங்குபோட்டு, நடுராத்திரி முறை வந்தாலும் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டியதுதான். நிலக் கணக்கு முரப்பா (சதுரமாக அளந்த பெரிய துண்டு), அதற்குள் கில்லா. கில்லா என்றால் முளைக்குச்சி, ஏக்கரின் மூலையில் அடித்த குச்சியே ஏக்கருக்குப் பெயராகிவிட்டது.

எண் போட்டார்களே தவிர, குடியேறிய மக்கள் அதோடு விட்டுவிடவில்லை. விட்டுவந்த ஊரின் பெயரைப் புது ஊருக்கும் வைத்துக்கொண்டார்கள். கட்கர் கலானை ஒட்டி பங்கா என்ற சிறு நகரம் இன்றும் நவான்ஷஹர் பக்கம் இருக்கிறது. அதே பெயர்தான் 105 ஜி.பி.க்கும். இந்த இரட்டைப் பெயர் தெரியாததால்தான் பலரும் பிறந்த ஊரையும் பூர்வீக ஊரையும் குழப்பிக்கொள்கிறார்கள், இணையத்தில் பாதிப் பக்கங்கள் இப்படித்தான் இருக்கின்றன. சர் கங்காராம் (டெல்லி மருத்துவமனைப் பெயரால் நமக்குத் தெரிந்தவர், தொழிலால் பொறியாளர்) அங்கே நிலம் வாங்கி உண்டாக்கிய கங்காபூர் 591 ஜி.பி. மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு கனமான இயந்திரம் வேண்டியிருந்தது, அதைக் கொண்டுபோக புச்சியானா ரயில் நிலையத்திலிருந்து ஊர்வரை தண்டவாளம் போட்டார் என்றும், பிறகு அதில் குதிரை இழுக்கும் வண்டியை ஓடவிட்டார் என்றும் சொல்வார்கள். பம்ப்செட் ஆசாமி என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஆனால் சொந்தமாக நிலம் கிடைத்துவிட்டது என்று குடியேறியவர்கள் நிம்மதியாக இருக்க முடியவில்லை. நிலம் அரசுடையது, இவர்கள் நிபந்தனைக்கு உட்பட்டவர்கள். எங்கே வீடு கட்ட வேண்டும், எந்த மரத்தை வெட்டக்கூடாது என்பது வரை அதிகாரி சொல்வதுதான். 1906இல் கொண்டுவந்த குடியேற்ற மசோதா வாரிசுரிமையிலும் கைவைத்தது. அதற்கு எதிராக லாயல்பூரில் எழுந்ததுதான் 'பக்டி சம்பால் ஜட்டா' இயக்கம், தலைப்பாகையைக் காப்பாற்றிக்கொள் என்று அர்த்தம். அதை நடத்தியவர் பகத்சிங்கின் சித்தப்பா அஜீத் சிங். 1907இல் அவரையும் லாலா லஜபதி ராயையும் பர்மாவில் இருக்கும் மாண்டலேக்கு நாடு கடத்தினார்கள். லஜபதி ராய் பாதி நமக்குத் தெரியும், பாரதியே பாடியிருக்கிறார். அஜீத் சிங் பாதி நம்மிடம் வந்து சேரவில்லை. வைசிராய் மிண்டோ அந்த மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார், நாடு கடத்தப்பட்ட இருவரும் அந்த ஆண்டு நவம்பரில் விடுதலையானார்கள். நடுவில் செப்டம்பரில் குழந்தை பிறக்கிறது, சித்தப்பா மாண்டலேயில். சக் எண் என்பது சும்மா ஒரு முகவரி இல்லை என்று நான் இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் இதுதான். எந்த மசோதாவை எதிர்த்து அந்தக் குடும்பம் நின்றதோ, அந்த மசோதா குறிவைத்த நிலத்தில்தான் அந்தப் பிள்ளை பிறந்தது. கட்கர் கலான் என்று போட்டால் இது முழுக்க மறைந்துபோகிறது.

1947இல் அங்கிருந்த சீக்கியர்கள் அநேகமாக எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். எந்த மாவட்டம், எந்த சக், எத்தனை கில்லா என்று எழுதிக்கொடுத்துத்தான் இங்கே மாற்று நிலம் வாங்கினார்கள், அதனால் அந்த எண்கள் குடும்பங்களில் இன்னும் நினைவிருக்கின்றன. ஜலந்தரில் 'லாயல்பூர் கால்சா கல்லூரி' என்ற பலகையைப் பார்த்து இதென்ன எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊர்ப் பெயர் என்று யோசித்திருக்கிறேன். 1908இல் லாயல்பூரில் தொடங்கியது, பிரிவினைக்குப் பிறகு ஜலந்தரில் மறுபடி திறந்தது, பெயரை மட்டும் விடவில்லை. லாயல்பூரையே 1970களில் சவுதி அரசர் பைசலின் பெயருக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் சுற்றியிருக்கும் சக் எண்களை யாரும் தொடவில்லை. பங்காவில் பகத்சிங்கின் வீட்டை நினைவிடமாக அங்குள்ளவர்களே பராமரிக்கிறார்கள்.

இந்திய ராஜஸ்தானில் ஸ்ரீகங்காநகர் பக்கமும் 1927இல் கங் கால்வாய் வந்தபிறகு இதே பாணியில் எண்ணும் எழுத்துமாக ஊர்கள் உண்டு, '3 இ சோட்டி' என்றே ஒரு ஊர் இருக்கிறது. அதைப் பற்றி வேறு யாராவது விவரம் தெரிந்தவர் எழுதினால் நன்றாக இருக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு 'சக்' என்று தொடங்கும் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ராவல்பிண்டிக்குத் தெற்கே இருக்கும் சக்வால், சக்கு கான் என்ற தலைவரின் பெயரால் வந்தது என்பது அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் வரலாறு. 1586இல் அக்பர் காஷ்மீரைப் பிடிக்கும்வரை அங்கே ஆண்ட சக் வம்சமும் ஒரு குலப் பெயர்தான், அதற்கும் நிலத்துண்டுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
பீளமேட்டிலிருந்து ஒரு பழைய வாசகர்