‘கருத்து ஏதுமில்லை’ என்று எழுதிவிடாதீர்கள்: சேலம் மாநகராட்சி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அலுவலர்களுக்கு, வணக்கம்.

நான் அம்மாப்பேட்டைக்காரன். வேறொரு ஊரின் நகராட்சியில் பில் கலெக்டராகச் சேர்ந்து வருவாய்ப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவன். சட்டமன்றத்துக்கு உள்ளாட்சி மசோதா ஏதாவது வரும்போது, இதனால் உங்கள் ஊரில் என்ன ஆகும், கருத்து அனுப்புங்கள் என்று மேலே இருந்து ஒரு கடிதம் வருமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மதியம் வரும், மாலைக்குள் பதில் கேட்கும். அப்படி வந்த ஒன்றுக்கு, பழைய கோப்பில் இருந்த வாசகத்தையே எடுத்து ‘கருத்து ஏதுமில்லை’ என்று ஒருமுறை பதில் தட்டிக் கொடுத்தவன் நான். மசோதாவை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. அது தப்பு என்று எனக்கு உறைத்தது 2022-ல்தான்.

அந்த ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. அது அரசாணை, மசோதா அல்ல. ஆனால் கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தால் எல்லாம் ஒன்றுதான். நம்மைப் போன்ற ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. படிக்கத் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு அம்மா ரசீதைப் பிடித்துக்கொண்டு வந்தார், பதிவேட்டில் அவர் வீடு 612 சதுர அடி. நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், என்றைக்கோ விறகு போட்டுவைத்த பின்பக்கச் சாய்ப்பையும் சேர்த்து அளந்து எழுதியிருக்கிறார்கள், சாய்ப்பு விழுந்து பல வருஷம் ஆகி அந்த இடத்தில் முருங்கை நின்றது. மறுபடி அளந்ததில் 584. இல்லாத 28 அடிக்காக அந்த அம்மாவுக்கு உயர்வு இரண்டு மடங்கு. பதிவேடுகள் இப்படித்தான் இருக்கின்றன, முதலில் மறுஅளவைக்கு மூன்று மாதம் கொடுங்கள் என்று எந்த பில் கலெக்டரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களாகவும் சொல்லவில்லை.

இப்போது இது முன்னைவிட முக்கியம். சேலம் 1994-ல் மாநகராட்சி ஆனபோது நமக்கென்று தனிச் சட்டம் இருந்தது. 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரல் 13-ல் விதிகளோடு நடைமுறைக்கு வந்த பிறகு சென்னைக்கும் நமக்கும் ஒரே சட்டம். அதில் ஒரு சொல் மாறினால் எல்லா ஊரிலும் மாறும், ஆனால் எல்லா ஊரும் ஒன்றுபோல இல்லையே. ‘வணிக நோக்கில் பயன்படும் கட்டடம்’ என்று நாளைக்கு ஒரு மசோதாவில் புது விளக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அதைப் படிப்பவருக்குக் கடை, ஷோரூம், ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். நம் குகைப் பகுதியில் குழித்தறி போட்ட முன்னறையிலேயே ராத்திரி பாய் விரித்துப் படுக்கிறார்களே, அது வீடா தொழிலிடமா? செவ்வாய்ப்பேட்டையில் அடுப்படிக்கு அடுத்த அறையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் பொடி வைக்கிறார்களே, அது? இதைச் சேலத்திலிருந்து நீங்கள் எழுதவில்லை என்றால் வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

நல்ல மசோதாவுக்கும் இந்த வேலை உண்டு. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினராக்கும் மசோதா 2025 ஏப்ரலில் பேரவைக்கு வந்தபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் மன்ற அரங்குக்குச் சாய்தளம், காது கேளாத உறுப்பினர் வந்தால் சைகை மொழிபெயர்ப்பாளர், கண் தெரியாதவருக்குப் படிக்க ஏற்ற வடிவத்தில் தீர்மான நகல், இதெல்லாம் எந்தத் தலைப்பில் செலவு, யார் பணம்? ஆதரிக்கிறோம், இவ்வளவு செலவாகும், இந்த நிதி வேண்டும் என்று எழுதுவது எதிர்ப்பு ஆகாது. சில அதிகாரிகள் அப்படி நினைத்துப் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் வேண்டாம்.

அதனால் அடுத்த கடிதம் வந்தால், தயவுசெய்து அதை ஆணையர் அறையோடு நிறுத்தாதீர்கள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, நாலு மண்டலத்துக்கும் நகல் போகட்டும். தூய்மைப் பணியைப் பற்றிய மசோதா என்றால் அந்தப் பணியாளர்களை மேய்க்கும் மேஸ்திரியிடம் கேளுங்கள், குடிநீர் என்றால் வால்வு திறப்பவரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறாது என்று தெரியும். அரை நாள் போதும். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே குறிப்பில் சேர்த்து, அனுப்பிய பதிலை அடுத்த கூட்டத்தில் 60 வார்டு உறுப்பினர்கள் முன்னாலும் வையுங்கள். நேரமில்லை என்றால் ‘நேரம் போதவில்லை, இந்த மூன்று பிரிவுகளை மட்டும் பார்த்தோம்’ என்று எழுதுங்கள், அதுவாவது உண்மையாக இருக்கும்.

வரி சம்பந்தமான மசோதா வந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அம்மாப்பேட்டைத் தறி வீடுகளை அளந்து பார்க்க வேண்டும் என்றால் நாடாவோடு நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு பில் கலெக்டர், அம்மாப்பேட்டை