மதில்டாவைக் கவிழ்த்தது ஆடம்பரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் உலகச் சிறுகதைகள் பற்றி வரும் தொடரை விடாமல் படிக்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'நெக்லஸ்' கதைக்கு வந்த குறிப்புதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. குமாஸ்தா லுவாசேலின் மனைவி மதில்டா, ஒரு விருந்துக்காகத் தோழியிடம் இரவல் வாங்கிய வைர நெக்லஸைத் தொலைத்துவிடுகிறாள்; தோழியிடம் சொல்லாமல் கடன்பட்டு வேறொன்று வாங்கிக் கொடுத்து, பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்த பிறகு, தொலைந்த நகை போலி என்று தெரிகிறது. இதுதான் கதை. 'நாயகியின் குணக்குறை: ஆடம்பர மோகம். முரண்நகை (எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிவது): நகை போலி. நீதி: விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்' என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிட்டார்கள். 1884-இல் ஒரு பாரிஸ் நாளிதழில் வெளியான கதையை உலகம் இன்னும் படிப்பது இந்த நீதிக்காகவா?

மதில்டாவுக்கு ஆடம்பர ஆசை இருந்தது, மறுக்கவில்லை. அமைச்சக விருந்தில் ஒரே இரவில் அந்த ஆசை நிறைவேறியும் விட்டது. அவளைக் கவிழ்த்தது அதற்குப் பிறகு நடந்தது. இரவல் நகை தொலைந்த மறுநாள், கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறோம் என்று தோழிக்கு எழுதச் சொல்கிறான் கணவன். தேட அவகாசம் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கதையின் முதல் பொய் இதுதான். சொல்லிக் கொடுத்தவன் அந்தச் சாதுவான குமாஸ்தா. அவனுடைய குணக்குறையைப் பற்றிக் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை.

நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தவணை கட்ட முடியாதவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. 'அடுத்த வாரம் கட்டிவிடுகிறேன்' என்று அவகாசத்துக்காக ஒரு பொய் சொல்வார்கள். அதைக் காப்பாற்ற வெளியில் வட்டிக்கு வாங்குவார்கள். லுவாசேல் தம்பதியும் அதைத்தான் செய்கிறார்கள். மாற்று நகையின் விலை 36,000 பிராங்க். கணவனின் அப்பா விட்டுப்போன 18,000 கையில் இருக்கிறது. மீதிக்கு ஒருவரிடம் ஆயிரம், இன்னொருவரிடம் ஐந்நூறு, பிறகு கந்துவட்டிக்காரர்கள். அடைபட முழுதாகப் பத்து ஆண்டுகள். பக்கத்துக்கு ஐந்து சூ (பிரெஞ்சுச் சில்லறைக் காசு) கூலிக்கு இரவில் பிரதி எடுக்கிறான் அவன்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நகைப்பெட்டிக்குள் ஒரு கடையின் பெயர் இருக்கிறது. இருவரும் அங்கே போகிறார்கள். கடைக்காரர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நகையை விற்றது தான் இல்லை, பெட்டி மட்டும் தன்னிடமிருந்து போயிருக்கலாம் என்கிறார். போலி என்ற உண்மை அங்கேயே பாதி வெளிப்பட்டுவிட்டது! பதற்றத்தில் அவர்கள் காதில் அது ஏறவில்லை; வாசகர்களாகிய நம் காதிலும் ஏறுவதில்லை. கடைசி வரியில் திடீரென்று கொட்டிய அதிர்ச்சி என்று இந்த முரண்நகையை விளக்குவது அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை.

மாற்று நகையைக் கொடுக்கும்போது தோழி பெட்டியைத் திறக்கவே இல்லை. ஏன் தாமதம் என்று மட்டும் கடுகடுக்கிறாள். மதில்டாவின் பயமெல்லாம், திறந்து பார்த்தால் தன்னைத் திருடி என்று நினைத்துவிடுவாளோ என்பதுதான். கதையின் உண்மையான மோதலை நான் இங்கே பார்க்கிறேன். சமூகத்தோடு போராட்டம் என்றெல்லாம் பெரிய பெயர் வேண்டாம். சொல்லிவிடலாமா வேண்டாமா என்று ஒருத்தி மனத்துக்குள் நடப்பது அது. வாயைத் திறக்க விடாத அதே ரோஷம்தான், வேலைக்காரியை நிறுத்திவிட்டுத் தானே பாத்திரம் தேய்த்துக் கடைசிக் காசு வரை கடனை அடைக்கவும் வைத்தது. எந்தப் பாதியைக் குறை என்று எழுதுவீர்கள்?

குணக்குறைக்குத் தண்டனைதான் முரண்நகை என்ற வாய்ப்பாட்டை ஓ. ஹென்றியின் கதை நாயகி டெல்லாவிடம் கொண்டு போய்ப் பாருங்கள். கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்கக் கூந்தலை விற்கிறாள். அவனோ அந்தக் கூந்தலுக்குச் சீப்பு வாங்கக் கடிகாரத்தை விற்றுவிட்டு வருகிறான். இதில் யாருக்கு என்ன தண்டனை? டால்ஸ்டாயின் கதையில், ஒரு பகலில் சுற்றி நடந்து வரும் நிலமெல்லாம் சொந்தம் என்று கேட்டுக் கிளம்பும், பேராசைக்குப் பேர்போன பாஹோம்கூட, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று தெரிந்தும் ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைத்துப் போவது ஏன்? ஈர நிலம், ஆளிச் செடி நன்றாக வரும் என்று பார்த்துத்தான். அது நல்ல விவசாயியின் கண்.

தேர்வுக்குச் சுருக்கம் தேவைப்படலாம், புரிகிறது. ஆனாலும் வரும் வாரங்களில் 'நீதி' என்ற கட்டத்தை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில் கதையிலிருந்தே ஒரு பத்தியை, இந்தக் கதை என்றால் நகைக்கடைக்காரர் பேசும் பத்தியை அச்சிட்டு, அந்த நேரத்தில் மதில்டா என்ன கேட்டிருக்கலாம் என்று மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். வரும் பதில்களில் சிலவற்றை வெளியிட்டால் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்