நம் பள்ளிக்கான நிதியைக் கேட்டுப் பெறுவது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருமுன் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வாருங்கள். வீட்டில் படிக்க இயலாத பெரியவர்கள் இருந்தால் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கு என்ன குறை என்றாலும் "சார், நீங்க மேல எழுதிப் போடுங்க" என்று சொல்கிறீர்கள். எழுதுகிறோம். ஆனால் நாங்கள் அரசு ஊழியர்கள். 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகளுக்கு உட்பட்டு மேலதிகாரிக்கு எழுதுவதோடு எங்கள் எல்லை முடிகிறது. சட்டமன்ற உறுப்பினரிடம் போய் நிதி கேட்கவோ அரசின் கொள்கை பற்றி வெளியில் பேசவோ எங்களால் முடியாது. உங்களால் முடியும். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 21ஆம் பிரிவு, பள்ளியைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்று வேலைகளையும் மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. அந்தத் திட்டத்தின் அடிப்படையில்தான் அரசின் திட்டமும் மானியமும் அமைய வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. குழுவின் 24 பேரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். எனவே கையெழுத்துப் போட மட்டும் வந்து போகாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மாணவர் எண்ணிக்கை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் எண்ணிக்கையை வைத்துத்தான் வருகிறது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, அதற்கு மேல் 1,000 பேர் வரை 75,000. சாக்பீஸ், துடைப்பம், கிருமிநாசினி, பல்பு, குழாய் பழுது என எல்லாச் செலவும் இந்தப் பணத்துக்குள்தான் அடங்க வேண்டும். பதிவேட்டில் 99 பேர் இருந்தால் 25,000. இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் அது இரட்டிப்பாகிறது. ஆசிரியர் பணியிடமும் இப்படித்தான். 1 முதல் 5 வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 ஆனால் 5. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 35 பேருக்கு ஒருவர்.

பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 நிலவரத்தையும், யூ-டைஸ் என்ற தேசியப் பள்ளித் தகவல் பதிவுக்குச் செப்டம்பர் 30 நிலவரத்தையும் எடுப்பார்கள். இங்கேதான் அடிக்கடி இழப்பு ஏற்படுகிறது. தனியார் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை நம் வகுப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும். ஆனால் பழைய பள்ளி, மாநில அரசின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பெயரை விடுவித்திருக்காது. கட்டண பாக்கியைக் காரணம் காட்டி இழுத்தடிப்பார்கள். அரசின் கணக்கில் அந்தப் பிள்ளை நம் பள்ளியில் இல்லை. மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்வதால் நாங்கள் தயங்காமல் சேர்த்துக்கொள்கிறோம். பெயரை விடுவிக்கச் சொல்லி அந்தப் பள்ளிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது பெற்றோர். அந்தக் கடிதத்தின் நகல் ஜூலை முடிவதற்குள் எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. நம்முடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவர், கட்டிடமோ ஒன்றியத்துடையது. கூரை பழுதுக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்தால் அது ஒன்றியத்துக்குப் போய்ச் சேரவே மாதங்கள் ஓடும். கட்டிடம், சுற்றுச்சுவர், கழிப்பறை கட்டுவது இவற்றுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். குடிநீர் இணைப்புக்குக் கிராம ஊராட்சி. ஆசிரியர் காலியிடத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலரும் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலரும்.

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். ஐந்து கோரிக்கைகளை ஒரே தாளில் எழுதினால் அந்தத் தாள் ஏதாவது ஒரு அலுவலகத்துக்குத்தான் போகும். அவர்கள் தங்களுக்கு உரியதற்கு மட்டும் பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார்கள்.

"கட்டிடம் மோசமாக இருக்கிறது" என்று எழுதினால் பொறியாளருக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுதுங்கள்: "6ஆம் வகுப்பு அறையின் வடக்குச் சுவரில், ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கூரை வரை 4 அடி நீளத்துக்கு விரிசல். கூரையில் மூன்று இடங்களில் கம்பி வெளியே தெரிகிறது. அறையில் 31 மாணவர்கள் அமர்கிறார்கள். பொறியாளர் நேரில் ஆய்வு செய்து, அறை பயன்பாட்டுக்கு உகந்ததா என எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்." விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்து, தேதியைச் சாக்பீஸால் எழுதிப் படம் எடுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொரு படம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தத் துயரத்தை மனத்தில் வைத்தே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கோரிக்கை எதுவானாலும் முதலில் மேலாண்மைக் குழுத் தீர்மானமாகப் பதிவேட்டிலும் பெற்றோருக்கான அரசின் கைபேசிச் செயலியிலும் ஏற வேண்டும். பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்து, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்று எழுந்து பேசினால் மட்டும் போதாது. பேசியது பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவோடு மேலாண்மைக் குழு, கிராம சபை ஆகிய இரண்டின் தீர்மான நகலையும் இணைத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலோ "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் வந்தாலோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "மனு இப்போது யாரிடம், எந்தத் தேதியிலிருந்து உள்ளது?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

நம் ஊருக்கு வெளியே முடிவாகும் விஷயமும் இருக்கிறது. நான் மேலே சொன்ன மானியம் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் வரும் பணம். 2024-25ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தப் பிரச்சினையில் தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படாமல் நின்றது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல என் பதவி இடம் தராது. ஆனால் இதில் உங்களுக்கு ஒரு கருத்து இருந்தால் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். மாநில பட்ஜெட்டுக்குப் பிறகு பள்ளிக் கல்வித் துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வரும். உங்கள் கடிதம் அதற்கு முன் சட்டமன்ற உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியும் உண்டு. வகுப்பறை கேட்பதானால் ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீட்டோடு போங்கள்.

பெற்றோரிடமோ முன்னாள் மாணவரிடமோ பணம் திரட்டிச் சுவருக்கு வண்ணம் அடிக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். மனமுவந்து தருபவர்களைத் தடுக்க மாட்டோம். ஆனால் நன்கொடையால் ஓர் ஆசிரியருக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்க முடியாது. இருக்கும் வலுவை அரசிடம் கேட்பதில் செலவிடுங்கள்.

அடுத்த நிதியாண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தை டிசம்பர் முடிவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிள்ளை அமரும் அறை, பயன்படுத்தும் கழிப்பறை, தண்ணீர்க் குழாய் மூன்றையும் நேரில் பார்த்து, எண்ணிக்கையோடும் அளவோடும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பள்ளி நேரத்தில் எந்த நாளும் வந்து பார்க்கலாம். அடிக்கோலும் டேப்பும் அலுவலக அறையில் இருக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியர்