லியோபார்டனை வெளியே விடுங்கள்

ஜப்பானியப் படத் தயாரிப்பு நிறுவனமான டோயெய், அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் ஆகியவற்றில் பழைய தொடர்களின் உரிமையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு,

வணக்கம். 1978 மே முதல் 1979 மார்ச் வரை டோக்கியோ சேனல் 12இல் ஓடிய உங்கள் 'ஸ்பைடர்மேன்' தொடரின் 41 அத்தியாயங்களையும் ஜப்பானுக்கு வெளியே இருப்பவர்களும் முறையாகப் பார்க்க வழி செய்து கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான். 2020இல் டிஸ்னி பிளஸில் வந்த 'மார்வெல்ஸ் 616' ஆவணத் தொடரின் முதல் பகுதியையே இதற்காக ஒதுக்கினீர்கள், எடுத்தவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டீர்கள், எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது, சரி, தொடர் எங்கே என்று அதே டிஸ்னி பிளஸில் தேடினால் காணோம். பந்தியில் உட்காரவைத்து இலையை மட்டும் போட்டுவிட்டுப் போவதா?

பார்க்க வழியில்லாததால் நடப்பது என்னவென்றால், இந்தத் தொடர் துணுக்குத் துணுக்காக வெட்டப்பட்டு, லியோபார்டன் என்ற ராட்சத ரோபோவை ஓட்டும் ஸ்பைடர்மேன் என்று கேலிப் பொருளாகவே சுற்றுகிறது. முழுக்கதை தெரிந்தால் அந்தச் சிரிப்பு பாதியாகக் குறையும். இதில் அமெரிக்க மூலக்கதையின் நாயகன் பீட்டர் பார்க்கரே கிடையாது. யமாஷிரோ தகுயா என்ற பைக் பந்தய வீரன், அவனுடைய அப்பாவை புரொபசர் மான்ஸ்டரின் இரும்புச் சிலுவைப் படை கொன்றுவிடுகிறது, 400 வருடமாகக் குகைக்குள் சிக்கிக் கிடந்த ஸ்பைடர் கிரகத்து கடைசி மனிதன் காரியா தன் ரத்தத்தையே அவனுக்கு ஏற்றிவிட்டுச் சாகிறான். அப்புறம் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, வெளியே கோழை மாதிரி நடித்துக்கொண்டு, பழிவாங்கப் புறப்படுகிறான். ஒருவர் பாத்திரத்தை மற்றவர் இஷ்டப்படி பயன்படுத்தலாம் என்று நீங்கள் இருவரும் ஒப்பந்தம் போட்டதால்தான் உடையை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வேறு ஆளை நிறுத்த முடிந்தது. என்னைக் கேட்டால் மூலத்தை அப்படியே நகலெடுத்திருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது.

அந்த உடைக்குள் இருந்து சண்டைக் காட்சிகளைச் செய்த கோகா ஹிரோஃபூமியைப் பாருங்கள். கணினி வரைகலை எதுவும் இல்லாத காலத்தில் தரையோடு தரையாகப் பதுங்கி, கைகால்களை அகட்டி அவர் நிற்கும் நிலையில் சிலந்தி தெரிகிறது. அதற்காகவே முழுசாகப் பார்க்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. லியோபார்டன் ரோபோவாக நடிப்பவர் அணியும் உடை படப்பிடிப்பின் ஆரம்பத்திலேயே காணாமல் போய்விட்டதால், எடுத்து வைத்திருந்த காட்சிகளையே திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறீர்கள், எவ்வளவு பெரிய அரக்கனாக இருந்தாலும் ஒரு வாள் வீச்சில் காலி, சில அத்தியாயங்களுக்குப் பிறகு கை தானாக அந்தக் காட்சியை வேகமாக ஓட்டிவிடுகிறது. ஆனால் அந்த ராட்சத ரோபோ யோசனைதான் 1979இல் 'பேட்டில் ஃபீவர் ஜே' வழியாக, முகமூடி வீரர் குழுக்களைப் பற்றிய டோயெயின் சூப்பர் சென்டாய் தொடர் வரிசைக்குப் போனது, அங்கிருந்து 1993இல் பவர் ரேஞ்சர்ஸுக்கும் வந்தது. பவர் ரேஞ்சர்ஸ் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்தத் தொடர் தாத்தா முறை.

புதிதாகப் பெரிய செலவும் இல்லை. 2009இல் மார்வெல் தன் இணையதளத்திலேயே ஆங்கில வசன வரிகளோடு இதை இலவசமாகப் போட்டது, அப்புறம் எடுத்துவிட்டது. அந்த வசன வரிகள் உங்களிடம்தானே இருக்கின்றன? பழைய படச்சுருளைப் புதுப்பித்துப் பளபளப்பாக்க வேண்டாம், கீறலோடு இருந்தாலும் பரவாயில்லை, முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக ஏற்றுங்கள், சந்தாவை நான் கட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காத்திருக்கும் ஒரு ரசிகன்